நானே இறங்குவேன்

வாசல் மணி அடித்தபோது விருந்தாளி அப்போதுதான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்த மாமியாரின் முகத்தில் ஈயாடவில்லை. கையில் ஒரு துணிப்பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தவள் செத்துப்போனவள்.

அதாவது, மருமகளைப் பெற்ற தாய். அவள் உயிரோடுதான் இருந்தாள், நகரத்தின் மறுகோடியில் ஓர் ஒற்றை அறையில். ஆனால் இந்த வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கு முன்பே அவளைச் சாகடித்துவிட்டார்கள். புருஷன் சாக்கடைக் கிணற்றில் இறங்கிச் செத்தவன். இவள் தெருக் கூட்டிப் பிழைக்கிறவள். இப்படிப்பட்ட சம்பந்தியை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது, யாருக்கு என்னவென்று அறிமுகப்படுத்துவது? 'தாய் தகப்பன் இல்லாத பொண்ணு' என்று சொல்லிவிட்டால் நாலு பேர் இரக்கப்படுவார்கள், ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மாமனார்தான் இந்த யோசனையைச் சொன்னார். அவர் குரலை உயர்த்தியே பேசமாட்டார். கொல்வதைக்கூட மெதுவான குரலில் செய்கிற மனிதர்.

"உன்ன யாரு இங்க வரச் சொன்னது?" என்று மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"போன் பண்ணேன், எடுக்கல. எனக்குக் கண்ணு ஆபரேஷனுக்கு நாள் குடுத்துட்டாங்க. கூட ஒரு ஆள் இருக்கணுமாம். பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம்னு..."

"யாரு வந்திருக்காங்க?" உள்ளேயிருந்து விருந்தாளி கேட்டார். அவர் நகரக் கழிவுநீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளர். ஊரின் கிழக்குப் பகுதிக்குப் புதிதாக வரவிருந்த கழிவுநீர் உந்து நிலையத்தை யார் வடிவமைப்பது என்பது அந்த அம்மையாரின் கையில் இருந்தது. அதற்காகத்தான் இந்த விருந்தே.

மாமியார் திரும்பி முகம் நிறையச் சிரித்தாள். "முன்னாடி நம்ம வீட்டுல வேலை செஞ்சவ மேடம். எப்பவாவது இப்படி வந்து நிப்பா."

மேசைக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சாடியோடு நின்றிருந்தாள் மருமகள். அம்மாவும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவின் ஒரு கண்ணில் புரை மூடியிருந்தது. மற்றக் கண் கொஞ்சநேரம் மகளின் முகத்திலேயே நின்றது. மகளின் உதடு அசையவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அதோடு போயிருந்தால்கூட எல்லாம் பழையபடி நடந்திருக்கும். ஆனால் பொய் சொன்னவர்களுக்கு அதை மெய்யாக்கிக் காட்டும் ஆசை வந்துவிடுகிறது. கூடத்தின் ஓரத்தில் இருந்த கை கழுவும் தொட்டி காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது.

"நல்ல நேரத்துல வந்த. அந்தத் தொட்டியில தண்ணி எறங்கல. கொஞ்சம் பாத்துட்டுப் போயேன்" என்றாள் மாமியார். பழைய எஜமானியின் குரல் அவளுக்குப் பிசகாமல் வந்தது.

அம்மா பையைச் சுவரோரம் வைத்துவிட்டுத் தொட்டிக்கு அடியில் மண்டியிட்டாள். குழாய் மூடியைத் திருகி, கையை உள்ளே விட்டு, முடியும் எண்ணெய்ப் பிசுக்குமாகக் கறுப்பாய் ஒரு கொத்தை இழுத்தாள். மேசையில் பேச்சு தொடர்ந்தது.

"உங்க மருமக போட்ட அந்த வடக்கு ஸ்டேஷன் டிசைனப் பாத்தேன். பிரமாதம்" என்றார் பொறியாளர். பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்தார். "உங்க அம்மா இருந்து இதெல்லாம் பாத்திருக்கணும்மா. குடுத்து வெக்கல."

"சின்ன வயசுலயே எல்லாத்தையும் எழந்துட்டா" என்றார் மாமனார் மெதுவாக. "நாங்கதான் படிக்க வெச்சு ஆளாக்கினோம். நம்ம பொண்ணு மாதிரி."

தொட்டிக்கு அடியில் அசைந்துகொண்டிருந்த முதுகு ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி அசைந்தது. தண்ணீர் சளசளவென்று இறங்கிய சத்தம் கேட்டது.

போகும்போது மாமியார் ஒரு பொட்டலத்தில் மிச்சச் சாப்பாட்டையும், ஒரு பையில் பழைய துணிகளையும் கொடுத்தனுப்பினாள். கொடுத்ததை விருந்தாளி பார்க்கிறாரா என்பதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

ஊருக்கெல்லாம் சொல்லப்பட்ட கதை இதுதான்: ஒரு ஏழைத் தொழிலாளி இறந்தான், நல்ல மனம் படைத்த முதலாளி அவன் மகளைப் படிக்க வைத்தார், படித்து வந்தவளைத் தன் மகனுக்கே கட்டி வைத்தார். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும்.

கதையில் சொல்லாமல் விட்டவை உண்டு. அந்தத் தொழிலாளி இறந்தது இதே முதலாளி கட்டிய சந்தைப் பக்கத்து உந்து நிலையத்தில். ஊரின் சாக்கடையெல்லாம் வந்து சேரும் ஆழமான கிணறு அது. அங்கிருந்து பம்புகள் கழிவை மேலே தள்ளிச் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும். குப்பை பம்புக்குள் போகாதிருக்கக் கிணற்றின் அடியில் கம்பிச் சல்லடை. சல்லடை அடைத்துக்கொண்டால் ஓர் ஆள் ஏணி வழியாக இறங்கி வாரிப்போட வேண்டும். காய்ச்சலோடு வேலைக்கு வந்த மருமகளின் அப்பா அப்படித்தான் இறங்கினார். விஷவாயு. அவரைத் தூக்கப்போனால் தாங்களும் மேலே வரமாட்டோம் என்று தெரிந்த மற்றவர்கள், கிணற்று வாயில் குப்புறப் படுத்து, அவர் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் முதலாளி தம்முடைய மெதுவான குரலில் சொன்னார்: "குடிச்சிருந்தான். எறங்காதன்னுதான் சொன்னோம்." தேநீரைத் தவிர எதையும் குடித்தறியாதவர் அவள் அப்பா.

படிக்க வைத்ததும் கட்டி வைத்ததும் அதற்குப் பிறகு வந்தவை. முதலாளியின் நிறுவனத்துக்கு, விடுப்பு கேட்காத, வரைபடத்தின் மூலையில் தன் பேரைக் கேட்காத ஒரு வடிவமைப்பாளர் வீட்டுக்குள்ளேயே கிடைத்தாள். அவள் வரைவாள், மாமனார் கையெழுத்துப் போடுவார், கணவன் அதை எடுத்துக்கொண்டு போய் விற்றுவிட்டு வருவான். கணவன் கெட்டவன் இல்லை. அப்பா உட்காரச் சொன்னால் உட்காருவான், நிற்கச் சொன்னால் நிற்பான், அவ்வளவுதான்.

கல்யாணத்தின்போது, 'அம்மா இல்லைன்னு சொல்லிடுவோம்' என்றதற்கு அவளும் தலையாட்டியவள்தான். நன்றியும் வெட்கமும் சேர்ந்து அவள் வாயைக் கட்டியிருந்தன. மாதம் ஒருமுறை களப் பார்வைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, திருட்டுத்தனமாக அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள்.

விருந்துக்கு மறுநாள் யாரிடமும் பொய் சொல்லாமல் நேரே போனாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வா. செத்தவ வீடு தேடி வந்திருக்க. உக்காரு."

"அம்மா..."

"செத்தவளுக்குப் பொட்டலம் கட்டிக் குடுத்த மொத வீடு உங்க வீடாத்தான் இருக்கும். உப்புதான் ஒரு கல்லு தூக்கல்." அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. "உங்க அத்தை சொன்னதெல்லாம் எனக்கு ஒறைக்கலடி. எத்தனையோ பேரு சொல்லிக் கேட்டதுதான். நீ சாடியப் புடிச்சுக்கிட்டு மரமாட்டம் நின்ன பாரு, அதான் ராத்திரி பூரா தூங்க விடல."

மகள் கட்டிலில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பா குடிச்சிருந்தாருன்னு அவங்க சொன்னப்ப நான் தெருவுல நின்னு கத்தினேன். ஒரு நாய்கூடத் திரும்பிப் பாக்கல. நான் கத்தினா சத்தம். நீ பேசினா பேச்சு. அதுக்குத்தான் உன்ன அவங்க காசுல படிக்க விட்டேன். அவங்க படிக்க வெச்சாங்கன்னு நீ நெனச்சுக்கிட்டிருக்க. இல்ல. நான் விட்டேன். பல்லக் கடிச்சுக்கிட்டு விட்டேன்."

மகள் அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நக இடுக்கில் நேற்றைய கறுப்பு இன்னும் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருடம் நன்றி என்று நினைத்துச் சுமந்துகொண்டிருந்தது நன்றியே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஆபரேஷனுக்கு நான் வரேன். பொண்ணுன்னு சொல்லிக்கிட்டு வரேன்" என்றாள். "அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு."

"என்ன பண்ணப் போற?"

"கணக்குத் தீக்கப் போறேன்."

"தீத்துடு" என்றாள் அம்மா. வேண்டாம் என்றோ, விட்டுவிடு என்றோ சொல்லவில்லை.

கிழக்குப் பகுதிக்கான நிலையத்தை அவள் அந்த வாரம் முழுவதும் உட்கார்ந்து வரைந்தாள். உந்து நிலையம் என்பது கடையில் அளவு சொல்லி வாங்கிக்கொண்டு வருகிற சட்டை இல்லை. ஒவ்வோர் இடத்தின் சாக்கடையும் ஒவ்வொரு குணம். கிழக்கில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கிருந்து கட்டுத்துணிகள் வரும். பட்டறைகளிலிருந்து எண்ணெய் வரும். குடியிருப்புகளிலிருந்து காலையில் ஒரே வெள்ளமாக வரும், மத்தியானம் ஊசிபோலச் சொட்டும். கிணறு சின்னதாக இருந்தால் பம்பு நிமிடத்துக்கு நிமிடம் ஓடி நின்று ஓடிப் பழுதாகும். பெரிதாக இருந்தால் கழிவு தேங்கி அழுகி விஷவாயு கிளம்பும். இரண்டுக்கும் நடுவில் அந்த ஊருக்கென்று ஓர் அளவு உண்டு. அதைக் கண்டுபிடிப்பதில் அவள் கெட்டிக்காரி.

இந்த முறை அளவோடு நிறுத்தவில்லை. கிணற்றுத் தரையைச் செங்குத்தான சரிவாக்கினாள். சேறு தங்க இடமில்லை. சல்லடைக்குப் பதில் ஒரு கம்பிக்கூடை. இரண்டு பக்கமும் நிறுத்திய கம்பிகளின் வழியே மேலிருந்து சங்கிலியால் இழுத்தால், குப்பையோடு தானே மேலே வந்துவிடும். பம்புகளும் அப்படியே. வால்வுகள் எல்லாம் வெளியே, வெளிச்சம் விழுகிற தனித் தொட்டியில். கிணற்றுக்குள் ஏணி இல்லை. கால் வைக்க ஒரு பிடிப்புகூட இல்லை. மூடியைத் திறந்தாலும் அடியில் கம்பி வலை. ஒரு மனிதனை உள்ளே இறக்க வேண்டுமென்று யாராவது ஆசைப்பட்டாலும் இறக்க முடியாது.

மாமனார் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏணி எங்கம்மா?"

"தேவையில்ல மாமா."

"கூடை, கம்பி, சங்கிலின்னு எதுக்கு இத்தனை? சந்தை ஸ்டேஷன் மாதிரியே போட்டுடு. சல்லடை, ஏணி. ஆளு எறங்கி வாரிட்டு வருவான். செலவு பாதி."

"விஷவாயு வந்தா?"

"எப்பவும் எறங்கற ஆளுங்கதானே? அவங்களுக்கு அது பழக்கம்." இறந்தவனின் மகளிடம் பேசுகிறோம் என்ற நினைவே அவருக்கு இல்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது. வேண்டுமென்றே சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் பொறுத்திருப்பாள்.

"சரி மாமா" என்றாள். "ரெண்டையும் எடுத்துட்டுப் போவோம். மேடம் பாத்து முடிவு பண்ணட்டும். உங்க டிசைன நீங்களே பேசுங்க. நீங்க பேசினாத்தான் எடுபடும்."

பெரியவருக்கு உச்சி குளிர்ந்தது. அவள் அவரை நன்றாக அறிவாள். எந்தக் கூட்டத்தில் பேசினாலும், யாராவது பாதுகாப்பைப் பற்றிக் கேட்டுவிட்டால், நெஞ்சில் கைவைத்து ஒரு வசனம் சொல்லுவார். சொல்லும்போது அந்த மெதுவான குரல் லேசாக நடுங்கும். கேட்டவர்கள் உருகிப்போய் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அவள் அந்த வசனத்துக்காகக் காத்திருந்தாள்.

வாரியத்தின் கூட்ட அறையில் தலைமைப் பொறியாளரும் அவருடைய உதவியாளர்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் ஏணி வைத்த படத்தை விளக்கினார். செலவு குறைவு, கட்டுவது சுலபம், பழகிய முறை.

"எல்லாம் சரி" என்றார் பொறியாளர். "அடிக்கடி ஆள் இறங்க வேண்டியிருக்குமே. அது பத்திரமா?"

மாமனார் நெஞ்சில் கைவைத்தார். "சந்தேகமே வேண்டாம் மேடம். என் ஸ்டேஷன்ல என் தொழிலாளி இறங்குறதுக்கு முன்னாடி, தேவைன்னா நானே இறங்குவேன்."

ஒருவர் தலையாட்டினார். இன்னொருவர் காகிதத்தைப் புரட்டினார். பேச்சு நகரப் பார்த்தது.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் மருமகள். "மாமா சொல்றத அப்படியே செஞ்சு பாத்துடலாமே. இதே மாதிரி நாங்க கட்டின ஸ்டேஷன் சந்தைப் பக்கம் ஓடிக்கிட்டிருக்கு. இதே சல்லடை, இதே ஏணி. மாமா அதுல ஒருதடவை எறங்கி, சல்லடைய வாரிட்டு மேல வந்து காமிச்சுட்டா, யாருக்கும் எந்தக் கேள்வியும் இருக்காது."

அறையில் யாரோ தொண்டையைச் செருமினார். மாமனார் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் மரியாதையைத் தவிர எதுவும் இல்லை.

பொறியாளர் பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டே யோசித்தார். ஒவ்வொரு சாவுக்கும் அவரும் எங்கெங்கோ பதில் சொல்லிச் சலித்தவர். "நல்ல யோசனையா இருக்கே. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே சார்?"

ஆட்சேபணை என்று சொல்ல முடியுமா? சொன்ன வாயின் ஈரம் இன்னும் காயவில்லை.

"என்ன ஆட்சேபணை!" என்றார் மாமனார்.

அன்று சாயங்காலம் வீடு கொதித்தது.

"குடும்பத்த சந்தி சிரிக்க வெக்கணும்னே கங்கணம் கட்டிக்கிட்டு வந்திருக்கியா?" என்று மாமியார் கத்தினாள்.

"நானா எறங்கறேன்னு சொன்னேன் அத்தை? மாமாதானே சொன்னாரு."

"பேச்சுக்குச் சொல்றதெல்லாம் செய்வாங்களாடி?"

கணவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "அப்பாவுக்கு பிரஷர் இருக்கு. உனக்குத் தெரியாதா? நீயே மேடத்துக்கு போன் பண்ணி ஏதாவது சொல்லிடு."

"எங்கப்பாவுக்கு அன்னிக்கு ஜுரம் இருந்துச்சு. யாருக்கு போன் பண்ணாங்க?"

கணவன், "அப்போ நான் எறங்கறேன்" என்றான். அவன் வாழ்க்கையில் தானாகச் சொன்ன முதல் வார்த்தையாக அது இருந்திருக்கலாம். ஆனால் மாமியார் அலறிக்கொண்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயா? பெத்த வயிறு பத்தி எரியுதுடா! அதுல எறங்கறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்கல்ல?"

"இருந்தாங்க அத்தை" என்றாள் மருமகள். "அதுல ஒருத்தர் எங்கப்பா. அவரையும் ஒருத்தி பெத்திருந்தா."

அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த மாமனார் எழுந்து வந்தார். "நன்றின்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார், மெதுவாக.

"இருக்கு மாமா. அதான் உங்களுக்கு மூச்சுக் கருவி, இடுப்புப் பட்டை, கயிறு, தூக்கறதுக்கு முக்காலி, வாயு பாக்கற மீட்டர், எல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கேன். காலைலேர்ந்து காத்து ஊதி, மீட்டர் சரின்னு சொன்னப்புறம்தான் எறங்குவீங்க. உங்க உயிருக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன். எங்கப்பாவுக்கு நீங்க ஒரு முழக் கயிறு குடுத்தீங்களா?"

அவர் கடைசியாக ஒரு வழி பார்த்தார். சந்தை நிலையத்தின் ஆட்களுக்குத் தலைவனாக இருந்தவனை எல்லோரும் கடப்பாரை என்றுதான் கூப்பிடுவார்கள். அவனை அழைத்து, முந்தின நாளே கிணற்றைச் சுத்தமாக வாரி, கழுவி, மருந்து தெளித்து வைக்கச் சொன்னார்.

கடப்பாரை தலையைச் சொறிந்தான். "கழுவணும்னா ஆளு எறங்கணுங்களே."

"எறக்கு."

"நீங்க எறங்கறதுக்காக நாங்க மொதல்ல எறங்கணுமா ஐயா?" என்று கேட்டுவிட்டு, அவன் வாயைப் பொத்திக்கொண்டான். பக்கத்திலிருந்தவர்கள் பொத்தாமலே சிரித்தார்கள். அந்த வாரம் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி வயிற்றுவலி வந்துவிட்டது. கிணற்றில் ஒருவரும் இறங்கவில்லை.

குறித்த நாளில் சந்தை நிலையத்தின் இரும்பு மூடி திறந்து கிடந்தது. வாசல் வரைக்கும் நாற்றம் வந்து வரவேற்றது. வாரியத்துக்காரர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு காற்று வீசும் பக்கமாக நின்றார்கள். காற்றூதி இரைந்துகொண்டிருந்தது. மருமகள் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கி, மேலே எடுத்து, பொறியாளரிடம் காட்டினாள். மறுபடி இறக்கிப் பார்த்தாள். பழிவாங்க வந்தவள்தான்; ஆனாலும் அந்தக் கிணற்றில் இன்னொரு சாவு விழ அவள் விடமாட்டாள்.

அவள் அம்மா கூடவே வந்திருந்தாள். கடப்பாரையின் ஆட்களோடு சுவரோரம் நின்றாள்.

மாமனாருக்குப் பட்டை கட்டினார்கள், முகமூடி மாட்டினார்கள், ரப்பர் பூட்ஸும் கையுறையும் போட்டுவிட்டார்கள். தோள் பட்டையை மருமகளே இழுத்துச் சரிசெய்தாள். "பயப்படாதீங்க மாமா. மூச்ச நிதானமா விடுங்க" என்றாள். அதில் கேலி இல்லை. அவர் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று அவள் உண்மையாகவே விரும்பினாள். திரும்பி வந்தால்தான் அவர் வாழ்நாளெல்லாம் அதை நினைத்துக்கொண்டிருக்க முடியும்.

முதல் படியில் கால்வைக்கவே வெகுநேரம் ஆனது. பிறகு இடுப்பு மறைந்தது, தலை மறைந்தது. கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மேலே நின்றவர்களுக்கு அவருடைய விளக்கின் வட்டம் கறுத்த சுவரில் நடுங்குவது தெரிந்தது. சல்லடைத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வாருகோலைக் கையில் எடுத்தார். ஒருமுறை இழுத்தார். சல்லடையில் சிக்கியிருந்தது மொத்தமாகச் சரிந்து அவர் காலடியில் விழுந்தது. ஒரு கால் வழுக்கியது. முழங்கைவரை, பிறகு தோள்வரை உள்ளே போய்விட்டார். எழுந்திருக்கப் பார்த்து, குமட்டி, முகமூடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு வாந்தி எடுத்தார்.

"தூக்குங்க! என்னத் தூக்குங்க!"

வாழ்நாளில் முதல்தடவையாக அவர் குரல் உயர்ந்து கேட்டது.

கடப்பாரையும் ஆட்களும் கயிற்றை இழுத்தார்கள். கிண்டல் செய்யவில்லை; அவசரமாகத்தான் இழுத்தார்கள். மேலே வந்தவர் தரையில் உட்கார்ந்து இரைத்துக்கொண்டிருந்தார். தோளிலிருந்து கழிவு வடிந்தது. கணவன் இரண்டடி முன்னே வைத்தான்; பிறகு அவனையும் அறியாமல் ஓரடி பின்னே வைத்தான். பொறியாளர் உட்பட எல்லோரும் அரைவட்டமாக விலகிக்கொண்டார்கள்.

மருமகள் சுவரோரம் போய் அம்மாவின் கையைப் பிடித்து நடுவில் கூட்டிவந்தாள்.

"மேடம், இது என் அம்மா. செத்துட்டதா உங்ககிட்ட சொன்னாங்க. அன்னிக்கு விருந்துல பாத்திருப்பீங்க, வேலைக்காரின்னு. எங்கப்பா இந்தக் கிணத்துலதான் போனாரு. கட்டினவங்க இவங்கதான். குடிச்சிருந்தாருன்னு சொன்னவரு இவருதான்."

பொறியாளருக்கு அன்று அந்தத் தொட்டியில் தானும் கை கழுவியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பேனாவைத் திறந்தார், மூடினார்.

அம்மா தரையில் உட்கார்ந்திருந்தவரைக் குனிந்து பார்த்தாள். மங்கலான கண்ணை இடுக்கிக்கொண்டு, நெருங்கிப் போய்ப் பார்த்தாள்.

"குடிச்சிருந்தீங்களா ஐயா?" என்று கேட்டாள்.

கடப்பாரை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

ஏணி வைத்த படத்தை அதற்குப் பிறகு யாரும் மேசையில் விரிக்கவில்லை. கிழக்கு நிலையத்துக்கு அவளுடைய கூடையும் கம்பிகளும்தான் என்று முடிவாயிற்று. இந்த முறை படத்தின் மூலையில் வரைந்தவளின் கையெழுத்தே இருக்க வேண்டும் என்று வாரியம் கேட்டது. சந்தைக் கிணற்றின் சாவைப் பற்றி மறுபடி விசாரிப்பதாகவும் சொன்னது. விசாரிப்பார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் குணம். ஆனால் அந்தக் கிணற்றில் அன்று நடந்ததைப் பார்த்தவர்கள் பலர். ஊர் வாயை யார் கட்டுவது?

வீட்டில் நடந்ததை ஊர் பார்க்கவில்லை. மகன் காரின் இருக்கையில் பாலிதீன் விரிப்பைப் போட்டுத்தான் அப்பாவை ஏற்றினான். வாசலில் இறங்கியவரை மாமியார் கையை நீட்டித் தடுத்தாள்.

"இப்படியே உள்ள வந்துடாதீங்க. பின்பக்கமாப் போங்க."

பின்கட்டில் தோட்டத்துக் குழாயை எடுத்து, எட்ட நின்று அவர்மேல் தண்ணீர் பீய்ச்சினாள். அவர் கழற்றிப்போட்ட துணிகளைக் குச்சியால் தள்ளி எரித்தாள். சோப்பு மாற்றிச் சோப்பு போட்டுக் குளித்தார். வாசனைத் தைலம் பூசிக்கொண்டார். அப்படியும் மாமியார் அன்றிரவு படுக்கையை வேறு அறையில் போட்டுக்கொண்டாள். "தலைவலி" என்றாள். மறுநாள் அவருடைய தட்டு மேசையின் கடைசியில் தனியாக இருந்தது. அங்கே வைக்க வேண்டுமென்று யாரும் யோசித்து வைக்கவில்லை. கை தானாக வைத்தது. மகன் சீக்கிரமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனான். பெரியவர் அடிக்கடி உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். பிறகு எழுந்துபோய்க் கை கழுவுவார். அவருக்கு உண்மையிலேயே நாறியதா, இல்லை மற்றவர்களின் முகத்தைப் பார்த்து அப்படித் தோன்றியதா, தெரியாது.

அம்மாவின் ஆபரேஷன் நாள் காலையில் மருமகள் இரண்டு பெட்டிகளைக் கீழே கொண்டுவந்து வைத்தாள். கணவன் மாடிப்படியில் நின்றான்.

"திரும்பி வருவியா?"

"நீங்க அங்க வாங்க. எங்கம்மாவ அத்தைன்னு கூப்பிடணும். நாலு பேரு முன்னாடி."

அவன் அப்பா இருந்த பக்கம் பார்த்தான்.

மாமனார் பின்கட்டுப் படியில் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார். வண்டி பின்வாசலில் நின்றது; அவள் அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவர் நிமிர்ந்தார். வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத ஒன்று அவரிடம் இருந்தது. கேட்கத் தகுந்தவள் அவள் ஒருத்திதான் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

"இந்த வாடை..." என்றார். குரல் பழையபடி மெதுவாக இருந்தது. ஆனால் இப்போது அதில் அப்பட்டமான பயம் இருந்தது. "இந்த வாடை எப்பம்மா போகும்?"

அவள் பெட்டிகளைக் கீழே வைத்தாள். உண்மையாகவே யோசித்துப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கும் மாமா. அப்பதான் என்னத் தூக்கி மடியில வெச்சுக்குவாரு. திங்கக்கிழமை காலைல நீங்க மறுபடி எறக்கிடுவீங்க."

பெட்டிகளை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமல் போனாள்.